கல்லில் ஐந்தாவது பெயர்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் தேநீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். மனைவியின் செத்தவீட்டுக்குப் பிறகு துக்கம் கேட்க வந்தவர்களை எண்ணினேன். பதினேழு பேர். அந்தப் பதினேழு பேரும் எங்கேயோ இப்போதுதான் குடித்துவிட்டு வந்திருந்தார்கள். வெயில் தொடங்கிய பிறகும் ஒரு மிடறு தண்ணீர்கூட வேண்டாம் என்றார்கள்.

காரணம் ஜன்னலோரக் கதிரையில் இருந்தது. கரும்பச்சை நிறத்தில், மூடி திருகும் ஒரு பிளாஸ்டிக் சாடி. அதற்குள் மனைவியின் சாம்பல். யாழ்ப்பாணத்தில் எரித்த மறுநாளே சாம்பலை அள்ளிக் கடலில் கரைத்துவிடுவார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தால் வீட்டின் துடக்கும், சாவுத் தீட்டும் போய்விடும்; அதுவரை அந்த வீட்டில் யாரும் வாய் நனைக்கமாட்டார்கள். லண்டனில் தகனசாலைக்காரர் சாம்பலைக் கொடுக்கச் சில நாள் எடுப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். வாங்கியவர்கள் நேரே சவுத்எண்ட் கடற்கரைக்குக் காரை விடுவார்கள். வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தவன், எனக்குத் தெரிந்தவரை, எங்கள் ஆட்களில் நான் ஒருவன்தான்.

முதலில் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சுவாமி அறையில் வைக்கக் கூடாது. படுக்கையறையில் வைத்தால் எனக்கு நித்திரை வராது. படிக்கட்டின் கீழே வைத்தேன். வாக்குவம் கிளீனருக்குப் பக்கத்தில் அவளை வைத்திருப்பது மறுநாள் காலையிலேயே பொறுக்க முடியாமல் போனது. பிறகுதான் அவள் வழக்கமாக உட்காரும் கதிரை. ஒருமுறை சமையலறைத் தராசில் வைத்து நிறுத்தும் பார்த்தேன். அவள் கேக்குக்கு மா நிறுக்கும் தராசு. சாடியோடு சேர்த்து இரண்டே முக்கால் கிலோ. கட்டட வரைபடத்தைப் பார்த்து எத்தனை செங்கல், எத்தனை மூட்டை சீமெந்து, எத்தனை கதவு என்று எண்ணிச் சொல்வது என் தொழிலாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் எண்ணாமல் ஒரு பொருளைப் பார்க்க எனக்கு வரவில்லை.

அவள் ஆங்கிலேயப் பெண். டார்பிஷயரில் பிறந்தவள். நான் மாணவனாக லண்டன் வந்த காலத்தில் எதிர்வீட்டு அறையில் தங்கி ஒரு நூலகத்தில் வேலை செய்தாள். நாற்பத்தாறு வருடம் என்னோடு வாழ்ந்தாள். சேலை உடுத்தாள், தேர் பார்த்தாள், என் தாயாரின் திவசத்துக்கு மரக்கறி வெட்டினாள். தமிழில் அவளுக்குத் தடையில்லாமல் வந்த ஒரே சொல், எங்களூர்ப் பெண்கள் புருஷனைக் கூப்பிடும் "இஞ்சாருங்கோ." அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே கூப்பிட்டாள், ஏசினாள், கெஞ்சினாள்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவள் கேட்டதும் அந்தச் சொல்லில்தான் தொடங்கியது. மீதி ஆங்கிலம்.

"இஞ்சாருங்கோ. உங்களோடு எல்லாக் கோயிலுக்கும் வந்தேன். அதில் எனக்குக் குறை இல்லை. கடைசியில் மட்டும் என்னை என்னுடைய ஆட்களோடு விடுங்கள்."

"எங்கே?"

"உங்களுக்குத் தெரியும். ஆற்றங்கரையில்."

தெரியும். அவளுடைய தகப்பன் அவளைச் சிறுவயதில் ஒரு கிராமத்துத் தேவாலயத்தின் மயானத்துக்குக் கூட்டிப்போய், பாசி பிடித்த ஒரு கல்லைக் காட்டி, இது எங்களுடையது என்று சொல்லியிருந்தார். அங்கே கிடப்பவர் மணிக்கூடு செய்தவர். ஆற்றுத் தண்ணீரில் ஓடும் முதல் பஞ்சாலைகள் அந்தப் பள்ளத்தாக்கில் எழுந்தபோது, நூற்கும் இயந்திரங்களுக்குப் பற்சக்கரம் வெட்டத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. ஆலை முதலாளிமார் மணிக்கூட்டுக்காரர்களைத் தேடிப் பிடித்தார்கள். இவரும் கடையைப் பூட்டிவிட்டு ஆலைக்குப் போனார். ஆலைச் சம்பளத்தில்தான் அந்த மயானத்தில் குடும்பத்துக்கென்று ஓர் இடம் வாங்கினார். மனைவிக்கு அதில் பெருமை. "மணிக்கூட்டுக்காரரின் பரம்பரை. அதனால்தான் உங்களைப்போல ஒரு ஆளிடம் வந்து மாட்டிக்கொண்டேன்" என்பாள்.

ஓம், சரி என்று சொல்லி அவள் கையைப் பிடித்தேன். அது எவ்வளவு பெரிய ஓம் என்று எனக்கு அப்போது தெரியாது.

தேவாலயத்துக்கு எழுதினேன். பதில் போட்டது அங்கே மயானப் பொறுப்பைப் பார்க்கும் ஒரு முதிய பெண்மணி. மயானம் மூடப்பட்டு நெடுங்காலமாகிறது. சாம்பலை மட்டும் வைக்கலாம், அதுவும் கல்லுக்குரியவரின் நேரடிச் சந்ததியாருக்கு மட்டும். தலைமுறை தலைமுறையாக அத்தாட்சி காட்ட வேண்டும். சந்ததியாரின் கணவனுக்கோ மனைவிக்கோ இடமில்லை. ஆற்றுப்பக்கச் சரிவு இறங்கிக்கொண்டிருப்பதால் வருட முடிவோடு அங்கே மண் தோண்டுவது முழுவதாக நிறுத்தப்படும். கணவன் மனைவி பற்றிய வரியை நான் கவனித்தேன். என் சாம்பல் கடலுக்கு என்று எப்போதோ முடிவாகியிருந்தது. அந்த வரியைத் தாண்டிப் போனேன்.

அத்தாட்சி இருக்கிறது என்றுதான் நினைத்தேன். மனைவி பல வருடமாகத் தன் குடும்ப மரத்தைச் சுவர்க் கடதாசியின் பின்பக்கத்தில் வரைந்து வந்தாள். கூடத்தில் விரித்தால் சோபாவிலிருந்து கதவுவரை போகும். அவளிலிருந்து மணிக்கூட்டுக்காரர்வரை ஆறு கண்ணிகள். ஐந்தை மையில் எழுதியிருந்தாள்: பிறப்பு, திருமணம், குடிசன மதிப்புக் கணக்கெடுப்பு, எல்லாம் பொருந்தின. ஐந்தாவது கண்ணியில் இருந்தவர் இன்னொரு ஊர்ப் பஞ்சாலையில் மேற்பார்வையாளர். குடிசன மதிப்பில் தன் பிறந்த ஊராக ஆற்றங்கரைக் கிராமத்தைச் சொல்லியிருந்தார். ஆறாவது கண்ணி மட்டும் பென்சில் புள்ளிக்கோடு. அந்தக் கிராமத்துத் தேவாலயத்தில் மணிக்கூட்டுக்காரருக்கு, மேற்பார்வையாளரின் அதே பெயரில் ஒரு மகன் ஞானஸ்நானம் பெற்ற பதிவு இருந்தது. அவனே இவன் என்று அவள் எடுத்திருந்தாள்.

ஒரே ஒரு உறுத்தல். மேற்பார்வையாளர் சொன்ன வயதைக் கொண்டு பின்னோக்கிக் கழித்தால், அந்த ஞானஸ்நானத்துக்கு நாலு வருடம் பிந்திப் பிறந்தவராக வந்தது. அந்தக் காலத்து மனிதர்கள் வயதைக் கண்டபடி சொன்னார்கள் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நானும் அப்படியே எண்ணித் தள்ளிவிட்டேன்.

எல்லாவற்றையும் பிரதி எடுத்து அனுப்பினேன். இரண்டு வாரத்தில் அந்தப் பெண்மணி தொலைபேசியில் பேசினார்.

"உங்கள் மனைவி இந்தக் கல்லை எப்போது கடைசியாகப் பார்த்தார்?"

"சிறுமியாக."

"அப்படியென்றால் அடியில் இருக்கும் பெயரை அவர் பார்த்திருக்க முடியாது. பாசி மூடியிருந்தது. நேற்றுத் தூரிகையால் தேய்த்தேன். கல்லில் ஐந்து பெயர். மணிக்கூட்டுக்காரர், மனைவி, இரண்டு மகள்கள். ஐந்தாவது நீங்கள் சொல்லும் பையன். இரண்டு வயதில் இறந்திருக்கிறான்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சந்ததி இருக்க முடியாது, ஐயா. நான் வருந்துகிறேன்."

போனை வைத்துவிட்டுக் கதிரையைப் பார்த்தேன். எப்படிச் சொல்வேன் அவளிடம் என்றுதான் முதலில் தோன்றியது.

அதன் பிறகு வந்த மூன்று மாதத்தைப்போல ஒன்றை நான் வாழ்ந்ததில்லை. மேற்பார்வையாளருக்கு வேறொரு தகப்பனைத் தேடினேன், கிடைக்கக் கூடாது, கிடைக்காவிட்டால் மணிக்கூட்டுக்காரரே மிஞ்சுவார் என்று வேண்டிக்கொண்டே. அந்தப் பள்ளத்தாக்கில் அதே குடும்பப் பெயருள்ள பதினான்கு வீடுகளைக் கண்டுபிடித்துப் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டினேன். ஆணி செய்தவர்கள், சுண்ணாம்பு எரித்தவர்கள், கால்வாயில் படகு இழுத்தவர்கள். எவருக்கும் அந்தப் பெயரில் மகன் இல்லை. மணிக்கூட்டுக்காரருக்குத் தம்பி இருந்தானா என்று பார்த்தேன். இல்லை. காலையில் எழுந்து இதய மாத்திரை ஐந்தையும் விழுங்கிவிட்டுக் கணினிக்கு முன் இருப்பேன். கண் எரியும்வரை இருப்பேன். எனக்கு ஏதும் நடந்தால் இந்தச் சாடியை யார், எங்கே கொண்டுபோவார்கள் என்ற பயம் மார்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மாலையில் தோட்டக் கதவைப் பூட்டினேனா என்று மூன்று தரம் பார்ப்பேன். ஜன்னலால் குளிர்காற்று வருகிறதென்று சாடியில் அவளுடைய சால்வையைச் சுற்றிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த இரண்டு வயதுப் பையன்மேல் எனக்குக் கோபம் வந்தது. யாரோ பெற்று, யாரோ அழுது புதைத்த பிள்ளை. அவன் இறந்ததுதான் என் மனைவிக்குக் கதவை அடைத்தது என்று தினமும் அவனைத் திட்டினேன்.

ஈஸ்ட் ஹாமில் சாமான் கடை வைத்திருக்கும் என் சிநேகிதர் ஒருவர் வெள்ளிக்கிழமைகளில் வருவார். முப்பது வருடப் பழக்கம். முன்பெல்லாம் இரண்டு கோப்பை குடிக்காமல் எழும்பமாட்டார். இப்போது கதவடியில் நின்றே கதைப்பார்.

"தேத்தண்ணி போடட்டோ?"

"வேண்டாம் அண்ணை, இப்பதான் குடிச்சிட்டு வாறன்." காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தார். "நான் ஒண்டு சொல்லுறன், கோவியாதையுங்கோ. உதை இனி வீட்டில வச்சிருக்கப்படாது."

"எதை?"

"உதைத்தான்." கதிரைப் பக்கம் பார்க்காமலே கையைக் காட்டினார்.

"உது எண்டு சொல்லாதையும். அவ."

"சரி, அண்ணி. அண்ணி என்ன பாவம் செய்தவ, ஒரு வெயிற்காலம் முழுக்க உந்தக் கதிரையில இருக்கிறதுக்கு? ஞாயிற்றுக்கிழமை என்ரை கடை வானில ஏத்துவம். பூ, தேங்காய் எல்லாம் கடையில இருக்கு. சவுத்எண்டுக்குப் போய் அலுவலை முடிச்சிட்டுப் பின்னேரம் திரும்பலாம்."

"அவ கேட்டது கடல் இல்லை."

"அவ கேட்டது இருநூறு வருசத்துக்கு முந்திச் செத்த ஒரு வெள்ளைக்காரனுக்குப் பக்கத்தில இடம். அவையள் தரமாட்டினமாம். நீங்கள் என்ன செய்ய ஏலும்?"

"தரமாட்டம் எண்டு சொல்லேல்லை. அத்தாட்சி கேட்டவை."

"ரெண்டு வயசுப் பெடியனுக்குப் பேரப்பிள்ளை இருந்ததெண்டு என்னெண்டு அண்ணை அத்தாட்சி காட்டுறது? நீங்கள் எண்ணினது காணும், விடுங்கோ."

அவர் போன பிறகு நான் கதவடியிலேயே நின்றேன். அவர் சொன்னதில் தவறு காண முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இல்லை, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வரச் சொல்வோம் என்று மனத்துக்குள் ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டதும் கதிரை இருந்த அறைக்குள் போக முடியவில்லை. அன்றிரவு குசினியில் அடுப்படியிலேயே சாப்பிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிங்ஸ்பரியிலிருந்து மகள் வந்தாள். எங்களுக்கு ஒரே பிள்ளை, பிந்திப் பிறந்தவள். அவளும் பிந்தித்தான் தாயாகிறாள். அப்போது ஏழு மாதம். அவள் பேசுவது ஆங்கிலம், "அப்பா" மட்டும் தமிழ். கர்ப்பிணி சாம்பல் இருக்கும் வீட்டுக்கு வரக் கூடாதென்று போனில் எத்தனை தரம் சொல்லியும் கேட்கவில்லை. வந்ததும் சாடியில் இருந்த சால்வையைச் சரிசெய்துவிட்டுக் கதிரையின் கைப்பிடியில் உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒன்று சொல்ல வேண்டும். பெண் பிள்ளை. நாங்கள் அம்மாவின் பெயரை வைக்கப் போகிறோம்."

"இப்போது இந்தப் பேச்சு வேண்டாம்."

"ஏன்?"

"அம்மா இன்னும் இந்த வீட்டை விட்டே போகவில்லை. ஆண்டுத் திவசம் முடியவில்லை. போனவளின் பெயரைச் சூட்டோடு சூடாக எடுத்து ஒரு பிள்ளைக்கு வைப்பதா? பிள்ளைக்கு ஆகாது. எங்கள் ஆட்கள் ஒருவரும் செய்யமாட்டார்கள்."

"அம்மாவின் ஆட்கள் செய்வார்கள். அம்மாவுக்கே அப்படித்தானே வைத்தார்கள்."

"எப்படி?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"அப்பா, உங்களுக்குத் தெரியாதா? அம்மாவுக்கு முன்னால் ஒரு பெண் பிள்ளை பிறந்து சில மாதத்தில் இறந்துவிட்டது. அடுத்துப் பிறந்தது அம்மா. அதே பெயரை அம்மாவுக்கு வைத்தார்கள். தாத்தாவின் குடும்பத்தில் அது வழக்கம். நல்ல பெயரை வீணாக்கமாட்டார்களாம்."

"எனக்கு ஏன் அவள் சொல்லவில்லை?"

"சொல்லாதே என்று எனக்கும் சொல்லியிருந்தாள்." மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அப்பாவிடம் சொன்னால், என்னைக் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர் என்று எண்ணுவார் என்றாள்."

நாற்பத்தாறு வருடம் நான் கூப்பிட்ட பெயர். அதற்கு முன் வேறொரு பிள்ளையைக் கூப்பிட்ட பெயர். உடம்பு கூசியது. எழுந்து வெளியே போகத்தான் நினைத்தேன். கதவை எட்டுவதற்குள் அந்த நாலு வருடம் வந்து முன்னால் நின்றது.

நான் தள்ளிவிட்ட நாலு வருடம். மேற்பார்வையாளர் தன் வயதைப் பிழையாகச் சொல்லவில்லை. பிறந்து இரண்டு வருடத்தில் ஒருவன் போனான். அவன் போய் இரண்டு வருடத்தில் இன்னொருவன் வந்தான். அதே தாய், அதே தகப்பன், அதே பெயர். என் தொழிலில் ஒரு கட்டடத்துக்கு நாலு செங்கல் குறைந்தாலும் ஏன் என்று கேட்பேன். இங்கே மட்டும் கேட்கவில்லை. இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைக்கும் ஒரு வீடு இருக்குமென்று எனக்குள் இடமே இருக்கவில்லை. எங்களூரில் அந்தப் பெயரை வீட்டுக்குள் உரக்கச் சொல்லவே அஞ்சுவார்கள். மனைவிக்கு வழக்கம் தெரியும், முதல் பையன் இறந்தது தெரியாது. எனக்கு இறந்தது தெரியும், வழக்கம் தெரியாது.

"அப்பா, கோபமா?"

"கணினியைத் திற" என்றேன்.

தேவாலயப் பதிவுகளில் இரண்டாமவன் இல்லை என்பதை நான் முன்பே அறிவேன். பதினான்கு வீட்டையும் அங்கேதான் தேடியிருந்தேன். ஆலை வந்த பிறகு அந்தப் பள்ளத்தாக்கில் பலர் தேவாலயத்தை விட்டுத் தொழிலாளர் கூடும் சிறு ஜெபக்கூடங்களுக்குப் போனார்கள். அவற்றின் பதிவுகள் தனி. மகள் தேடினாள், நான் பின்னால் நின்றேன். மூன்றாவது ஜெபக்கூடத்தில் அவன் இருந்தான். தகப்பனின் பெயர், தாயின் பெயர். தொழில் என்ற இடத்தில், ஆலையில் எத்தனையோ வருடம் இருந்த பிறகும், மனிதர் மணிக்கூடு செய்பவர் என்றே சொல்லியிருந்தார். ஆண்டைக் கழித்துப் பார்த்தேன். நாலு. இன்னொரு தரம் பார்த்தேன். நாலு.

மகள் திரும்பிக் கதிரையைப் பார்த்து, "அம்மா, கிடைத்துவிட்டது" என்றாள். நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அனுமதி வர இன்னும் ஆறு வாரம் பிடித்தது. மழை தொடங்கிவிட்டது, சரிவு அதற்குள் இறங்கிவிடுமோ என்று வானிலை அறிக்கையில் டார்பிஷயரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிதம் வந்தது. நாள் குறித்தார்கள். மகள் நிறைமாதத்தில் ரயில் ஏற வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. சென்ட் பாங்க்ராஸிலிருந்து வடக்கே போகும் ரயிலில் சாடியைத் தரையில் வைக்க மனம் வராமல் மடியில் வைத்திருந்தேன். எதிரில் இருந்தவர், மேலே இடம் இருக்கிறதே என்று பெட்டி வைக்கும் தட்டைக் காட்டினார். வேண்டாம் என்றேன்.

மயானத்தில் அந்தப் பெண்மணி தூரிகையும் வாளியுமாக முன்பே வந்திருந்தார். கல்லின் முன்னால் ஒரு முழ ஆழத்தில் சதுரமாகக் குழி. கீழே ஆறு, அதற்கு அப்பால் கூரையில்லாத ஆலை. ஜன்னல்களை எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன்.

"உங்களை அலைக்கழித்தவன் இதோ இருக்கிறான்" என்று அவர் கல்லின் அடியைக் காட்டினார்.

ஐந்தாவது பெயர் மற்ற நான்கையும்விடச் சிறிய எழுத்தில் இருந்தது. உயிரோடிருந்து பிள்ளை பெற்று, என் மனைவிவரை வந்தவனுக்கு எந்தக் கல்லிலும் பெயர் இருப்பதாகத் தெரியவில்லை. இரண்டு வருடம் இருந்தவனுக்கு இருக்கிறது. குனிந்து அதில் கை வைத்தேன். கல் ஈரமாக இருந்தது. மூன்று மாதம் திட்டினேன், மன்னித்துக்கொள் என்று மனத்துக்குள் தமிழில் சொன்னேன். இனி அவனுக்குப் பக்கத்தில் இருக்கப்போவது அவள். பிள்ளைகளிடம் அவள் நல்ல மாதிரி.

பாதிரியார் சிறு ஜெபம் சொன்னார். நானும் மகளும் சாடியைச் சேர்த்துப் பிடித்துச் சரித்தோம். நினைத்ததைவிடக் கெதியாக முடிந்தது.

திரும்பி வரும் ரயிலில் மகள் கேட்டாள்.

"அப்பா, அந்த இடம் உங்களுக்கு இல்லையா?"

"இல்லை. சந்ததிக்கு மட்டும். நீ வேண்டுமானால் வரலாம்."

"அப்போது நீங்கள்?"

"சவுத்எண்ட். அது எப்போதோ முடிவானது."

காலிச் சாடி என் மடியில் இருந்தது. கடிதத்தில் கணவன் மனைவி பற்றிய அந்த வரியைத் தாண்டிப் போனது ஞாபகம் வந்தது. அவளை அங்கே சேர்க்க வேண்டுமென்று அலைந்த அவ்வளவு காலத்திலும், சேர்த்துவிட்டால் அவள் ஓரிடம், நான் ஓரிடம் என்பதை ஒரு தரமாவது யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சிநேகிதர் வந்தார். முன்கூட்டியே மகள் போனில் சொல்லியிருக்க வேண்டும். கதவடியில் நிற்கவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கதிரையை ஒருதரம் பார்த்து, அதற்கு எதிரே சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நல்ல காரியம் செய்து முடிச்சிட்டியள் அண்ணை. நான் நினைக்கவேயில்லை."

"ஓம்."

"வீடே வெளிச்சமாக் கிடக்கு." கையைத் தேய்த்துக்கொண்டார். "என்ன, ஒரு தேத்தண்ணி போடமாட்டியளோ? இஞ்சி போட்டு. சீனி எப்பன் கூட."

போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். ஊதி ஊதிக் குடித்தார். கடையில் அரிசி விலை ஏறியதைச் சொன்னார், நிறுத்தினார், மறுபடி குடித்தார். நான் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வேண்டாம் அண்ணை, இப்பதான் குடிச்சிட்டு வந்தனான் என்று அவர் சொல்லமாட்டாரா என்று இருந்தது.

அவர் முழுவதையும் குடித்து முடித்து, இன்னும் இருக்கோ என்று கேட்டார்.